ஊருணி

தமிழில் பொருள் நிறைந்த சொற்கள் பல உள. அவற்றுள் 'ஊருணி' என்பது ஒன்று. ஊரார் உண்ணும் நீரை உடைய குளத்தை நம் முன்னோர் ஊருணி என்றனர். நீர் பருகுதலையும் 'உண்ணுதல்' என்று கூறுவது பழைய வழக்கு. ஏரி வயலுக்கு நீர் தருவது. கிணறு பெரும்பாலும் ஒரு வீட்டுக்கோ ஒரு தோட்டத்துக்கோ உரியது. ஊருணியோ ஊர் முழுமைக்கும் உரியது. அதற்கு உரியவர் யாவர் என்பது அதன் பெயரிலேயே அமைந்துள்ளது.

நல்ல வாழ்வு என்பது யாது என்று மாணவர் பலர் என்னை வினவியதுண்டு. யான் முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். பெருந்தத்துவங்களை விரித்துரைக்க வல்லேன் அல்லேன். ஆயினும், யான் அறிந்த ஊருணியைப் பற்றிக் கூற இயலும். அந்த வினாவுக்குரிய விடையில் ஒரு பகுதியேனும் அதனுள் இருக்கிறது என்பது என் எண்ணம்.

யான் பிறந்தது சிவகங்கைப் பகுதியில் ஒரு சிற்றூர். அங்கு ஆறு இல்லை. நிலத்தடி நீரும் பல இடங்களில் உவர்ப்பானது. மழைக்காலத்தில் ஊருக்கு மேற்கே உள்ள மேட்டு நிலங்களில் விழும் நீர் சிறு வாய்க்கால் வழியே ஓடி வந்து ஊருணியில் நிற்கும். அந்நீரே ஆண்டு முழுவதும் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஆகும். கரையில் மருத மரங்கள் நிழல் பரப்பி நிற்கும். ஒரு பக்கம் மட்டும் கற்படிகள் உண்டு. ஏனைய பக்கங்களில் ஆடு மாடு இறங்காதவாறு முள்வேலி இட்டிருப்பர். செருப்பணிந்த காலோடு எவரும் படியில் இறங்கமாட்டார். ஊருணியில் குளித்தல் இல்லை. துணி துவைத்தல் இல்லை. வாய் கொப்பளித்து உமிழ்தலும் இல்லை. மகளிர் குடத்தைக் கரையில் கழுவிய பின்னரே நீரில் அமிழ்த்துவர். நீர் கலங்கியிருந்தால் குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்து வைப்பர். சிறிது பொழுதில் மண் அடியில் தங்க, நீர் தெளிந்துவிடும்.

இவ்விதிகளை எழுதி வைத்த பலகை ஒன்றும் அங்கு இல்லை. காவற்காரனும் இல்லை. ஒரு குழந்தை அறியாமல் நீரில் கல்லெறிந்தால், அவ்வழியே செல்லும் எவரும் அதனைக் கடிந்து திருத்துவர். 'எம் குழந்தையைத் திருத்த நீவிர் யார்?' என்று பெற்றோர் சினந்ததில்லை. ஊருணி எல்லார்க்கும் பொதுவாதலால், அதனைக் காக்கும் உரிமையும் எல்லார்க்கும் பொதுவாயிற்று.

எனக்குப் பன்னிரண்டு வயது நிகழ்ந்தபோது மழை பொய்த்தது. சித்திரையிலேயே ஊருணி வற்றத் தொடங்கியது. ஆனி மாதத்தில் அதன் நடுவே ஊற்றுத் தோண்டினர். ஊறும் நீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் நிரப்ப அரை நாழிகை ஆகும். வீட்டுக்கு இரண்டு குடம் என்று ஊரார் கூடி வரையறுத்தனர். அந்நிலையில் மேற்கே உள்ள அடுத்த ஊரிலிருந்து மகளிர் சிலர் வெறுங்குடங்களோடு வந்து கரையில் நின்றனர். அவர்தம் ஊருணி முற்றும் வறண்டுவிட்டது.

கொடுப்பதா, மறுப்பதா என்று மரத்தடியில் வழக்கு எழுந்தது. "நமக்கே போதாத நீரை அயலூரார்க்கு எங்ஙனம் கொடுப்பது?" என்றார் ஒருவர். அவர் தீயவர் அல்லர். அவர் வீட்டில் கைக்குழந்தை இரண்டு இருந்தன. "இன்று நான்கு பேர் வந்தனர், நாளை நாற்பது பேர் வருவர்" என்றார் மற்றொருவர். அவர் கூறியதும் பொய்யன்று. பெரியவர்கள் விடை காணாது இருந்தனர். அப்போது ஊரார் எல்லாராலும் 'அப்பத்தா' என்று அழைக்கப்பெற்ற முதியவள் ஒருத்தி, தன் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டுக் கூறினாள்: "அப்பா, நம் ஊருணிக்கு வாய்க்கால் எங்கிருந்து வருகிறது? அவர்கள் ஊர் மேட்டிலிருந்து தானே வருகிறது? அவர்கள் நிலத்தில் விழுந்த மழைதான் ஓடி வந்து இங்கே நிற்கிறது. அதை நமது என்று எந்த வாயால் சொல்வது?"

அவள் கல்வி கற்றவள் அல்லள். ஆயினும் அவள் சொல்லுக்கு எதிர்ச்சொல் கூற எவராலும் இயலவில்லை. வீட்டுக்கு இரண்டு குடம் என்பது ஒன்றரைக் குடம் ஆயிற்று. எஞ்சியது அயலூரார்க்குச் சென்றது. அறம் செய்தமையால் ஊற்று வற்றாது பெருகிற்று என்று கூறினால் அது கதையாகிவிடும். ஆவணி இறுதியில் ஊற்றும் வற்றியது. அதன்பின் இரண்டு ஊராரும் ஒன்றுகூடி, மூன்று கல் தொலைவில் இருந்த கிணறு ஒன்றிலிருந்து மாட்டு வண்டிகளில் பீப்பாய் வைத்து நீர் கொணர்ந்தனர். ஐப்பசியில் மழை பெய்யும் வரையில் வண்டி ஓர் ஊருடையதாகவும் மாடு மற்றோர் ஊருடையதாகவும் இருந்தன. ஊற்றைப் பகிர்ந்துகொள்ளாதிருந்தால், வறுமையையும் அவர்கள் பகிர்ந்துகொண்டிருக்க மாட்டார்கள்.

திருக்குறளில் 22ஆம் அதிகாரம் 'ஒப்புரவறிதல்' என்பது. அடுத்து வருவது 'ஈகை'. இளமையில் யான் இவ்விரண்டும் ஒன்றே என்று எண்ணியிருந்தேன். எனக்கு இலக்கணம் கற்பித்த ஆசிரியர் இவற்றின் வேறுபாட்டை விளக்கினார். ஈகை என்பது இல்லாதவர்க்குக் கொடுப்பது. அங்குக் கொடுப்பவர் ஒருவர், ஏற்பவர் ஒருவர் என்னும் வேறுபாடு உண்டு. ஒப்புரவு என்பது உலகநடை அறிந்து, தம்மோடு வாழ்வார் அனைவர்க்கும் உதவி வாழ்தல். 'ஒப்பு' என்னும் சொல்லே அதன் உயிர். கொடுப்பவரும் கொள்பவரும் ஒரே நிரையில் நிற்றல் அது.

அவ்வதிகாரத்தில் வள்ளுவர் மூன்று உவமைகளை அடுத்தடுத்து வைத்துள்ளார். பேரறிவுடையவனது செல்வத்துக்கு நீர் நிறைந்த ஊருணியை உவமை கூறினார். அன்புடையவனது செல்வத்துக்கு ஊர் நடுவே பழுத்த பயன்மரத்தை உவமை கூறினார். பெருந்தகையாளனது செல்வத்துக்கு எல்லா உறுப்பும் மருந்தாகும் மரத்தை உவமை கூறினார். இம்மூன்றனுள் ஊருணி முதற்கண் நிற்பது ஏன் என்று யான் பலகால் எண்ணியதுண்டு. அப்பத்தாவின் சொல்லை நினைக்குந்தோறும் அதற்கு ஒரு விடை தோன்றும். மரம் தன் பழத்தைத் தானே ஆக்குகிறது. ஊருணி தன் நீரைத் தானே ஆக்குவதில்லை. பலர் நிலத்தில் விழுந்த மழை பல வழியாக ஓடி வந்து அதன்கண் தங்குகிறது. செல்வமும் அத்தகையதே. ஒருவன் ஈட்டிய பொருளில் உழவன் உழைப்பு உண்டு. நெய்பவன் உழைப்பு உண்டு. சாலை இட்டவன் உழைப்பு உண்டு. எழுத்தறிவித்த ஆசிரியன் உழைப்பும் உண்டு. ஆதலின், பிறர்க்கு உதவுவோன் 'யான் கொடுத்தேன்' என்று தருக்குவதற்கு இடமில்லை. தன்பால் வந்து தங்கியதைத் திரும்ப வழங்குகின்றான் என்பதே உண்மை.

இந்நூலறிவை எனக்கு ஊட்டிய ஆசிரியரும் ஓர் ஊருணியே ஆவர். பகலில் தம் சிறு நிலத்தில் உழைத்துவிட்டு, மாலையில் திண்ணையில் அமர்ந்து நன்னூலும் யாப்பருங்கலக்காரிகையும் பாடம் சொல்வார். அவர் எவரிடத்தும் ஊதியம் பெற்றதில்லை. என் தந்தையார் ஒரு முறை நெல் ஒரு மூட்டை கொண்டு சென்றபோது, "என் ஆசிரியர் எனக்கு விலைக்கு விற்கவில்லையே, யான் எங்ஙனம் விற்பது? உங்கள் பிள்ளை நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்கட்டும், அதுவே எனக்கு நெல்" என்றார். அவர் பெயர் எந்த நூலிலும் இல்லை. ஆயினும் அவர்பால் கற்றோர் பலர் ஆசிரியராயினர். அவர்பால் கற்றோர் மேலும் பலர்.

அறிவை ஊர்ப்பொதுவாக்கிய பெருந்தொண்டுக்கு எடுத்துக்காட்டாக விளங்குபவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். 1855ஆம் ஆண்டு தோன்றிய அவர், பழந்தமிழ் நூல்களின் ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராகச் சென்றார். அச்சுவடிகள் தனித்தனி வீடுகளிலும் மடங்களிலும் கிடந்தன. சில செல்லுக்கு இரையாயின. அவற்றைத் தொகுத்து, ஒப்புநோக்கி, 1887இல் சீவகசிந்தாமணியையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றினார். பல வீடுகளில் தேங்கியிருந்த நீர் ஓரிடத்துக்கு வந்து, தமிழர் அனைவரும் மொண்டு பருகும் ஊருணியாயிற்று. தமக்கு ஏடு உதவியோரின் பெயர்களை முன்னுரையில் அவர் நன்றியோடு குறித்தமையும் நினைக்கத்தக்கது. வாய்க்காலை மறவாத ஊருணி அது.

அப்புறநானூற்றில் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி பாடிய பாட்டு ஒன்று உண்டு. இவ்வுலகம் எதனால் நிலைத்திருக்கிறது என்று அப்பாட்டு ஆராய்கிறது. தமக்கென முயலாது பிறர்க்கென முயல்வோர் சிலர் இருத்தலால் நிலைத்திருக்கிறது என்று விடை கூறுகிறது. அத்தகையோர் மிகப் பலர் என்று புலவர் கூறவில்லை. இருக்கின்றனர் என்றே கூறினார். மனித இயல்பை அவர் நன்கு அறிந்தவர்.

மனித இயல்பில் நன்மையும் உண்டு, குறையும் உண்டு. ஊருணியைப் புகழ்ந்து கூறிய யான் அதன் குறையையும் மறைத்தல் முறையன்று. ஊருணி என்று பெயர் பெற்ற நீர்நிலைகள் பலவற்றில் ஊரார் அனைவரும் நீர் மொள்ள இயலவில்லை. பிறப்பின் பெயரால் ஒரு சாரார் படியில் இறங்குவதற்கு உரிமையின்றி, பிறர் மொண்டு ஊற்றும் வரை கரையில் காத்து நின்றனர். அங்குப் பெயர் ஊருணி, பொருளோ அன்று. இன்றைய மகாராட்டிர மாநிலத்தில் உள்ள மகாடு என்னும் ஊரில் சவுதார் குளம் என்று ஒன்று உண்டு. அதன் நீர் அனைவர்க்கும் பொது என்று நகராட்சி முன்னரே தீர்மானித்திருந்தும், தீண்டாமைக் கொடுமைக்கு உட்பட்டோர் அதனை அணுக இயலாதிருந்தது. 1927ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் பெருந்திரளான மக்களோடு அக்குளத்துக்குச் சென்று, அந்நீரைக் கையால் மொண்டு பருகினார். ஒரு மனிதன் ஒரு கை நீர் பருகுவதற்கு ஒரு போராட்டம் வேண்டியிருந்தது! 1950ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்புச் சட்டம், தீண்டாமையை ஒழித்தது. பொதுமக்களுக்குரிய கிணறு, குளம், படித்துறை ஆகியவற்றைப் பயன்படுத்துதற்குச் சாதி முதலியன தடையாகா என்றும் விதித்தது. 'ஊர்' என்னும் சொல் ஒருவரையும் விலக்காது பொருள் தரும்போதுதான் 'ஊருணி' என்னும் சொல்லும் உண்மையாகும்.

மனித இயல்பின் மற்றொரு குறை, பொதுவானதைப் பேணாது விடுதல். 'பொது' என்றால் 'எனக்கும் உரியது' என்பதே நேரிய பொருள். அதனை 'எவர்க்கும் உரியதன்று' என்று பிழைபடக் கொள்வோர் பலர். எம் ஊருக்குக் குழாய் நீர் வந்தது. அது நற்பேறே, தாய்மார் சுமந்த சுமை குறைந்தது. ஆனால் ஊருணியை நாடுவார் குறைந்தனர். முதலில் ஒருவர் தம் வீட்டுக் குப்பையை அதன் கரையில் கொட்டினார். 'யான் ஒருவன் கொட்டுவதால் என்ன கெட்டுவிடும்?' என்று அவர் எண்ணியிருப்பார். அவ்வாறே ஒவ்வொருவரும் எண்ணினர். வாய்க்கால் தூர்ந்தது, வேலி சரிந்தது. எவரும் கெடுக்க வேண்டும் என்று கெடுக்கவில்லை. எல்லாரும் சிறிது சிறிதாகக் கை விட்டனர், அதுவே போதியதாயிற்று.

இவ்வியல்பை நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஆதலின், நல்லெண்ணம் ஒன்றையே நம்பியிராது முறைகளையும் வகுத்தனர். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள. அவை 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஏரியைப் பேணுதற்கு அறுவர் அடங்கிய ஏரி வாரியம் அங்கு இருந்தது. ஊரை முப்பது குடும்புகளாகப் பகுத்து, தக்கார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவர்தம் உறவினரும் மீண்டும் அப்பதவிக்கு வர இயலாது. நிலமும் கல்வியும் உடைய சிலர்க்கே அவ்வுரிமை இருந்தது என்பது அம்முறையின் குறை. எனினும், பொதுப்பொருளுக்குக் கணக்குக் காட்டுதல் வேண்டும் என்னும் நெறி போற்றத்தக்கதே ஆகும்.

ஆண்டுதோறும் ஊரார் கூடி ஏரியும் வாய்க்காலும் தூர் எடுக்கும் வழக்கத்தைக் குடிமராமத்து என்பர். 1858இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட கட்டாய உழைப்புச் சட்டம், கரை உடையும் இடர் நேர்ந்தால் ஊரார் வந்து உழைத்தல் வேண்டும் என்று விதித்தது. 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்னும் அப்பழம்பெயரையே சூட்டி, நீர்நிலைகளைத் திருத்தும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. சட்டமும் திட்டமும் வேண்டுவனவே. ஆயினும், 'இஃது எமது' என்னும் உணர்வு மக்கள் உள்ளத்தில் ஊறாவிடின், எடுத்த தூர் சில ஆண்டுகளில் மீண்டும் படிந்துவிடும்.

அவ்வுணர்வு நம்மிடம் அற்றுப்போகவில்லை என்பதற்குச் சான்று உண்டு. 2015ஆம் ஆண்டு திசம்பர் மாதத்தில் சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. கடலில் வலை வீசும் மீனவர்கள் தம் படகுகளைத் தெருக்களுக்குள் செலுத்தி, மாடிகளில் சிக்கியவர்களை மீட்டனர். முன்பின் அறியாதவர்க்கு மக்கள் தம் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டனர். எவரும் எவரிடத்தும் குலம் வினவவில்லை. நான்கு ஆண்டுகள் கழியவில்லை. அதே சென்னை 2019இல் நீரின்றி வாடியது. அவ்வாண்டு சூலை மாதத்தில் சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் குடிநீர் கொண்டுவரப்பட்டது. வெள்ளமும் வறட்சியும் ஒரே நகரை அடுத்தடுத்து வருத்தின. வெள்ளம் வந்த நாளில் பெருகிய அன்பு, வெள்ளம் இல்லாத நாளில் ஏரியையும் கால்வாயையும் காக்கும் அளவுக்கு நிலைக்கவில்லை. இடர் நாளில் பிறர்க்கு உதவுவது மனித இயல்பு. இடரற்ற நாளிலும் பொதுவானதைக் காப்பது பயிற்சியால் வரும் பண்பு. கல்வியின் பயன்களுள் அப்பயிற்சி தலையாயது.

ஒப்புரவு அறிந்தவனே உயிர் வாழ்பவன். ஏனையோன் செத்தாருள் வைத்து எண்ணப்படுவான் என்பது வள்ளுவர் கருத்து. இளமையில் இது மிகையாக எனக்குத் தோன்றியது. உண்டு உடுத்து நடமாடும் ஒருவனை இறந்தவன் என்று கூறுவது கடுமையன்றோ? இந்த வயதில் அதன் உண்மை விளங்குகிறது. நீர் வரும் வழியையும் நீர் போகும் வழியையும் அடைத்துவிட்ட குளத்தில் நீர் சில நாள் இருக்கும். பின்பு பாசி படர்ந்து நாறும். பெறுதலும் தருதலும் அற்ற வாழ்வும் அத்தகையதே.

மாணவர்களே! பிறர்க்கு உதவுதற்குப் பெருஞ்செல்வம் வேண்டும் என்று எண்ணாதீர்கள். நும் பள்ளியிலும் ஊருணிகள் பல உள. நூலகத்து நூல் ஓர் ஊருணி. நுமக்குப் பின் அதனைப் படிக்கவிருப்பவன் முகம் அறியாத நண்பன். அதன் ஏட்டைக் கிழியாமல் திருப்பிக் கொடுங்கள். குடிநீர்க் குழாய் ஓர் ஊருணி. ஒழுகினால் மூடிவிட்டுச் செல்லுங்கள். நீவிர் எளிதில் கற்ற கணக்கு ஒன்று, அருகில் இருப்பவனுக்கு விளங்காதிருக்கலாம். அதனை அவனுக்குச் சொல்லிக்கொடுங்கள். எவரேனும் ஒருவரை நும் கூட்டத்தினின்று விலக்கி நிறுத்தக் கண்டால், அவர் பக்கத்தில் சென்று நில்லுங்கள். இவற்றைக் காண்பார் இல்லை, புகழ்வாரும் இல்லை. ஆயினும், நமக்கு முன் வாழ்ந்தோர் இவ்வாறு செய்தமையால்தான் நாம் இன்று பருகும் நீரும் படிக்கும் நூலும் நமக்குக் கிடைத்தன. நமக்குப் பின் குடமேந்தி வருவோர்க்கு அவற்றைத் தெளிவாக விட்டுச் செல்வோமாக.